விசா எக்ஸ்ரேவுக்கு முன் இருமக் கூடாது

இருமல் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் டாக்டரைப் பற்றிப் பேசவில்லை. விசாவைப் பற்றித்தான் பேசினோம்.

எமிரேட்ஸில் குடும்பத்தோடு வாழ்கிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே குடியிருப்பு விசாவைப் புதுப்பிக்க உடல்தகுதிச் சோதனை உண்டு. எனக்கு மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டியிருந்தது. அது தேடுவது காசநோயை. நுரையீரலில் நிழல் தெரிந்தால் என்ன நடக்கும் என்று விதிகளைப் படித்துப் பார்த்தவர்கள் எங்கள் வட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது: யாரோ ஒருவர், எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி, ஊருக்கு டிக்கெட், கலாஸ். அந்த யாரோவை நேரில் பார்த்தவர்கள் கிடையாது. நாளிதழில் துணை ஆசிரியராக இருந்த காலத்தில் இப்படி ஒரு செய்தி மேசைக்கு வந்திருந்தால், ஆதாரம் எங்கே என்று கேட்டுத் திருப்பியிருப்பேன். என் சொந்த நெஞ்சு என்றதும் கேட்கத் தோன்றவில்லை.

இருமலுக்கு முந்தைய வருடம் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மதுரையில் சிகிச்சை. கட்டியையும் அக்குளில் சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, கடைசியாகக் கதிர்வீச்சு. நடுவில் ஒரு தடவை, தலையில் ஒரு முடிகூட இல்லாத நிலையில், ஷார்ஜாவுக்குப் பறந்து வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா போய்விடும் என்பதால் அந்தப் பயணம். விமான நிலையத்தில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தலைத்துணியை விலக்கச் சொன்னார். விலக்கினேன். சூடுபட்டதுபோல் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளினார்.

கதிர்வீச்சில் வலி கிடையாது. கையைத் தலைக்கு மேலே தூக்கி, மார்பைத் திறந்து போட்டுப் படுக்க வேண்டும். தோலில் போட்ட கோடுகளைச் சரிபார்த்துவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்க் கனத்த கதவை மூடிக்கொள்வார்கள். என்னைக் குணப்படுத்தும் பொருளிடமிருந்து அவர்கள் தப்பிப் போவதைத் தினமும் படுத்தபடி பார்த்தேன். நாளாக ஆகத் தோல் கறுத்தது. அக்குளில் உரிந்து ஈரம் கசிந்தது. அந்த வாடை என் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தும், பேருந்தில் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறேன்.

மதுரை டாக்டர் எச்சரிக்காமல் இல்லை. விலா எலும்புகளுக்குப் பின்னாலேயே நுரையீரல் இருக்கிறது. கதிர் போகும் வழியில் அதன் ஓரமும் கொஞ்சம் மாட்டும். எனக்குக் கழுத்தெலும்புப் பகுதிக்கும் கதிர் கொடுத்ததால் நுரையீரலின் மேல்முனையும் மாட்டும். சிலருக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அந்த இடம் புண்பட்டு வீங்கும். வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சுவாங்கல் வரலாம். “வந்தா லேட் பண்ணாமச் சொல்லுங்க” என்றார். தலையாட்டினேன். அன்று என் கவலை முழுவதும் அக்குள் மேல்தான்.

ஷார்ஜாவில் நாங்கள் பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரு படுக்கையறை எங்களுக்கு, இன்னொன்று ஹேமா குடும்பத்துக்கு; சமையலறை பொது. என் கணவர் துபாய் தேராவில் ஒரு மசாலா இறக்குமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். மகள் ஆர்த்தி பன்னிரண்டாம் வகுப்பு. நான் அவருடைய விசாவைச் சார்ந்தவள். எனக்கு விசா இல்லையென்றால் நான் ஊரில், அவர்கள் இங்கே. அல்லது ஆர்த்தி ஒரு வருடப் படிப்பை விட்டுவிட்டு என்னோடு. என் இருமல் அந்தக் கணக்குக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

“மெடிக்கல் முடியுற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிராத” என்றார் என் கணவர். அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் மாறவில்லை. “இருமல்னு ஒரு தடவ கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான்னா அப்புறம் அழிக்க முடியாது, உமா.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“தேனு, கற்கண்டு, கிராம்பு. ஆபீஸ்ல அத்தன பேரும் அப்படித்தான் பாஸ் பண்ணிருக்கான்.”

ஆகவே மசாலா அலுவலகத்தின் கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு இருந்தேன். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு மருந்து வந்தது. வெங்காயத்தைப் பாதத்தில் கட்டச் சொன்னது ஒன்று. இன்னொன்றை எழுத முடியாது. பார்க்க வந்த பெண்கள் மெதுவாக “எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் கண் கீழே போய்ச் சரிபார்த்துவிட்டு மேலே வந்தது. ஒருத்தி, “தெரியவே இல்லக்கா” என்று பாராட்டினாள், ஏதோ தையற்காரர் வேலை மாதிரி.

ஒருநாள் ஹேமா சமையலறை வாசலில் நின்றாள். சென்னைப் பெண்; எதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க டம்ளர், தட்டெல்லாம் அந்த ஷெல்ஃப்ல வெச்சுட்டேன். பாத்திரம் தேய்க்கிற நாரும் உங்களுக்குத் தனியா வாங்கிட்டேன். பச்சை கலர்.”

“எனக்கு டிபி இல்ல ஹேமா.”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே! எங்களுக்கும் அடுத்தாப்ல மெடிக்கல் வருதுல்ல, அதான்.”

அருவருப்பு அவள் மேல் வந்ததைவிட என் மேல்தான் அதிகம் வந்தது. பச்சை நாரை எடுத்து என் டம்ளரைத் தேய்த்தேன். மறுத்திருக்கலாம். ஒரு முழு வாக்கியம் பேசினால் இருமல் வரும் என்பதால் பேசாமல் தேய்த்தேன்.

இரவெல்லாம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். மாலையில் காய்ச்சல் தொட்டுவிட்டுப் போனது. சோபாவிலிருந்து குளியலறைக்குப் போய்த் திரும்பினால், ஓடி வந்தவள் மாதிரி சுவரைப் பிடித்து நின்றேன். ஆர்த்திதான் பொறுக்காமல் கத்தினாள். “அப்பா, திஸ் இஸ் நாட் நார்மல். ஷீ கான்ட் ப்ரீத்!”

அதற்குப் பிறகு ஒரு சிறிய கிளினிக்கிற்குப் போனோம். வடநாட்டு டாக்டர், களைத்துப்போன மனிதர். “வேறு ஏதாவது நோய் உண்டா? சிகிச்சை ஏதாவது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மாஃபி, டாக்டர். நத்திங்” என்று என் கணவர் பதில் சொன்னார்.

புற்றுநோய் என்று சொன்னால் காப்பீட்டுக்காரன் கேள்வி கேட்பான், காப்பீட்டுக்காரன் கேட்டால் கம்பெனிக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரிந்தால் விசா வரும்போது பேச்சு வரும். இப்படி ஒரு சங்கிலியை அவர் காரில் வரும்போதே கோத்து வைத்திருந்தார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் குர்தாவின் மேலேயே முதுகில் வைத்தார். முன்பக்கம் பார்த்திருந்தால் கறுத்த தோலையும் தழும்பையும் பார்த்திருப்பார். ஒரு ஆன்டிபயாடிக் எழுதினார். அது முடிந்ததும் இன்னொன்று. கிருமியே இல்லாத இடத்தில் கிருமிக்கு மருந்து. இருமல் அப்படியே இருந்தது. கூடவே வயிற்றுப்போக்கு வந்தது.

விசா எக்ஸ்ரே அன்று காலை என் கணவர் எனக்குத் தேன் ஊட்டினார். பெண்கள் பகுதியில், எனக்கு முன்னால் எத்தனையோ பேர் போட்டுக் கழற்றிய பொது அங்கியைக் கொடுத்தார்கள். கழுத்துப் பட்டை ஈரமாக இருந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியும் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெண்கள், அவ்வளவு அமைதி, ஒருத்தியும் இருமவில்லை. என் முறை வந்தது. பலகையில் நெஞ்சை ஒட்டினேன். டெக்னீஷியன், “சாஸ் ரோக்கோ” என்றாள். மூச்சை நிறுத்தினேன். அடக்கி வைத்ததெல்லாம் அந்த நொடியில் கிளம்பியது. கிராம்பு பலகையில் தெறித்து ஒட்டியது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அதைத் துடைத்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி எடுத்தாள்.

சில நாட்களில் தொலைபேசிக்குச் செய்தி வந்தது: மேல்பரிசோதனைக்கு வரவும்.

என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். “ஆர்த்தி பரீட்ச முடியுற வரைக்குமாவது விடமாட்டானுவளா?” என்றார். ஆறுதல் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை.

மார்புநோய்ப் பிரிவில் எங்களைப் பார்த்தது ஒரு மலையாள டாக்டரம்மா; கோயம்புத்தூரில் படித்தவராம், தமிழ் பேசினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்திரையில் போட்டார். இடது பக்கம் மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு மூட்டம். காசநோய் விரும்பி உட்காரும் இடமும் அதுதான் என்றார்.

“வேற அசுகம் வல்லதும் உண்டா? முன்னாடி?”

என் கணவர் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். நான் குர்தாவின் கழுத்தை இறக்கித் தோளையும் மார்பின் மேல்பகுதியையும் காட்டினேன். “கேன்சர். ரேடியேஷன்” என்றேன். இரண்டு சொல்லுக்குத்தான் மூச்சு இருந்தது.

டாக்டர் நாற்காலியோடு முன்னால் வந்தார். “எந்தா இது! இத இவ்வளவு நாள் யாரும் பறஞ்சில்லல்லோ! கிளினிக்ல சொன்னீங்களா?”

“இல்ல டாக்டர்” என்றார் என் கணவர், “விசா...”

“விசாவா மூச்சு விடுது?”

அன்றே என்னைத் தனியறையில் சேர்த்தார்கள். காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை தனிமை. அறையின் காற்று வெளியே கசியாமல் உறிஞ்சும் ஓர் இயந்திரம் மேலே ஓயாமல் உறுமியது. சாப்பாட்டுத் தட்டு வாசலில் இருந்த சின்ன முன்னறைக்கு வரும். ஆள் போனதும் நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோழியின் மேல் உறைந்த கொழுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமே அதிகம். ஆர்த்தி கண்ணாடிக்கு வெளியே நின்று தொலைபேசியில் பேசுவாள். பாடப் புத்தகத்தையும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து படிப்பாள். “யூ ஜஸ்ட் ஸ்லீப், மா. நான் இங்கயே இருக்கேன்” என்பாள். நான் தூங்கவில்லை, அவள் உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மூட்டத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி நேராக இருந்தது.

“நோய் இப்படி ஸ்கேல் வெச்சு வரையாது. இது கதிர் போன வழி. உங்க நுரையீரல் வெந்து வீங்கியிருக்கு. அதுக்கு ரேடியேஷன் நிமோனைட்டிஸ்னு பேரு. கிருமி இல்லாத நிமோனியான்னு வெச்சுக்கோங்க. ஸ்டீராய்டு குடுத்தா வீக்கம் வற்றும். பக்ஷே, ஸ்டீராய்டு உடம்போட எதிர்ப்பைக் குறைக்கும். உள்ள டிபியும் சேர்ந்து இருந்துச்சுன்னா அது காட்டுத்தீ மாதிரி பரவும். அதனால சளி டெஸ்ட் பண்ணாம ஆரம்பிக்க மாட்டேன். விசாக்காரங்களுக்கும் அதே ரிசல்ட்தான் வேணும்.”

சிக்கல் என்னவென்றால், எனக்குச் சளியே இல்லை. இது வறட்டு இருமல். மூடியுள்ள பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காலை முழுக்க இருமினேன். விலா எலும்பு நொந்தது. சிறுநீர் கசிந்தது. கோப்பையில் எச்சில் மட்டும் நுரையாக நின்றது. ஆய்வகம் அதைத் திருப்பி அனுப்பியது. மறுநாளும் அதே கதை.

அன்று என் கணவர் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முன்னறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். கோப்பையைக் கையில் எடுத்தார்.

“ஏ உமா. நான் வேணா துப்பட்டுமா?”

எனக்கு உடனே புரியவில்லை.

“எனக்கு நல்ல சளி கெடக்கு. சிகரெட்டுச் சளி. காலைல பாத்தீன்னா கட்டி கட்டியா வரும். அதுல டிபி கெடையாது, போன வருசம்தான மெடிக்கல் பாஸ் பண்ணேன். யாருக்குத் தெரியப் போவுது? ரிசல்ட் நெகட்டிவ்னு வந்துரும், விசா அடிச்சுருவான், அதோட முடிஞ்சு.”

சொல்லிவிட்டு முகமூடியைக் கீழே இறக்கினார். தொண்டையைக் கனைத்து அதை மேலே கொண்டுவரும் சத்தம் கேட்டது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பல வருடம் ஒரே படுக்கையில் தூங்கிய மனிதர். லீவில் மதுரைக்கு வந்து, நான் கீமோவில் வாந்தி எடுத்ததைக் கையில் ஏந்தியவர். அவர் வாய்க்குள் உருண்டுகொண்டிருந்ததைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

“எனக்கு நெசமாவே டிபி இருந்தா?” என்றேன்.

கோப்பை அவர் வாயருகே அப்படியே நின்றது.

“டாக்டரம்மா சொன்னதக் கேட்டீங்கல்ல? உங்க சளிய நம்பி எனக்கு ஸ்டீராய்டு குடுப்பாங்க. பரவும். விசா இருக்கும். நான் இருக்க மாட்டேன்.”

இவ்வளவையும் நிறுத்தி நிறுத்தி, நடுவில் இருமி, மூச்சுக்குக் காத்திருந்து சொன்னேன். அவர் கழுவுதொட்டிக்குப் போய்த் துப்பினார். கோப்பையை மூடி மேசையில் வைத்தார். கையைக் கழுவினார், நெடுநேரம். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

“நான் அத யோசிக்கல, உமா” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. அவர் கெட்டவர் இல்லை. எங்களில் யாராக இருந்தாலும் அந்த அறையில் அந்தக் கோப்பையை எப்படி நிரப்புவது என்றுதான் யோசித்திருப்பார்கள். எக்ஸ்ரேயை ஏமாற்றுவது எப்படி என்று தலைமுறையாகப் பேசிப் பேசி, எக்ஸ்ரேயில் தெரிவது ஒரு நுரையீரல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

டாக்டர் ஒரு குளச்சல் நர்ஸை அனுப்பினார். உப்புநீரை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைத்தால் சளி கிளம்புமாம். அவள் தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை போட்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

“எக்கா, நல்லா இழுங்க. கடல்ல முங்குனா மூக்குல ஏறும்லா, அதே உப்புதான்.”

“எரியுது.”

“எரியட்டும். இருமுங்க. அய்ய, இது துப்பலு. துப்பல வச்சு நான் என்ன செய்யதுக்கு? ஆழத்துலேந்து வரணும். என்னயத் திட்டிக்கிட்டே இருமுங்க, வரும்.”

உண்மையிலேயே திட்டினேன். வந்தது. பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று. அவள் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “ராணி மாதிரி இருக்குக்கா” என்றாள். அடுத்தடுத்த காலைகளிலும் அவளே வந்தாள்.

காசநோய்க் கிருமி தென்படவில்லை. சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்றாலும், விரைவுச் சோதனைகளை நம்பி ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாளே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசினேன். அதற்குரிய விலையும் வந்தது. முகம் உருண்டு பளபளத்தது. சர்க்கரை ஏறியது. பசி, மனிதப் பசியாக இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், ஆர்த்தி தட்டில் மிச்சம் வைத்த மீன்முள்ளைச் சப்பிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது இருமல் எட்டிப் பார்க்கும். வெந்த இடம் தழும்பாகி இறுகிவிடும், அது போகாது. ஒவ்வொரு விசாவுக்கும் இந்த நிழல் என்னோடு வரும் என்று டாக்டர் சொன்னார். அதனால் மதுரைச் சிகிச்சை விவரத்தையும் ஸ்கேனையும் அவரே தன் அறிக்கையோடு சேர்த்து அனுப்பினார்.

வளர்ப்புச் சோதனையிலும் எதுவும் முளைக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்த வாரம் முடிவு வந்தது. தகுதி. நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. அவர்கள் கேட்டது உண்மை மட்டும்தான். அதை முதல் நாளே கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

என் கணவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “பாஸ் ஆயிட்டா, பாஸ் ஆயிட்டா” என்றார். கடைசியாகப் பேசியது நசீரோடு. அவருடைய அலுவலகக் கிடங்கில் மூட்டை கணக்கெடுக்கும் கீழக்கரைப் பையன்; ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். அவனுக்கு அடுத்த மாதம் மெடிக்கல். என் கணவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தேனு சாப்பிடு. கிளினிக்குக்கு இப்பப் போவாத.”

தொலைபேசியைப் பிடுங்கினேன். “தம்பி, உனக்கு இருமலா?”

“லேசாத்தான்க்கா.”

“இன்னைக்கே டாக்டரப் பாரு. ஒண்ணும் மறைக்காதே. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?”

“தெரியும்க்கா” என்றான் மரியாதையாக. “உங்களுக்குத்தான் பாஸ் ஆயிடுச்சுல்ல.”

வைத்துவிட்டான். என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “அவன் பயம் அவனுக்கு.”

மறுநாள் காலை நானே அழைத்தேன். எடுத்ததும் முதலில் கேட்டது இருமல்தான். வறட்டு இருமல் இல்லை. அடியிலிருந்து புரண்டு வருவது. அது ஓயும்வரை காத்திருந்தேன்.

“சொல்லுங்கக்கா.”

“எப்பலேருந்து இருக்கு, நசீர்?”

யாரோ மூட்டையைத் தொப்பென்று போடும் சத்தம் கேட்டது. அவன் கிடங்கை விட்டு வெளியே நடந்துபோவது தெரிந்தது.

“யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா” என்றான். “மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. நோன்புக்கு முன்னாடியே இருந்துச்சு.”